அஞ்சலை கேட்ட கச்சேரி

கறவை மாடு வைத்திருக்கிறவர்கள் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து வெளியூர் போவதில்லை. ஒருவர் போனால் மற்றவர் இருந்து கறக்க வேண்டும். எனக்கும் அஞ்சலைக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நாங்கள் ஒன்றாகப் போன தூர இடம் குளுவாங் கடைத்தெரு. எங்கள் கொட்டகையிலிருந்து ஒன்றரை மைல். அங்கேயும் பால் ஊற்றத்தான் போனோம்.

நான்கு கறவைகள், ஒரு எருமை, கொட்டகைக்குப் பின்னால் கீரையும் வெண்டையும் போட்ட அரை ஏக்கர். இவ்வளவையும் விட்டுவிட்டு ஒரு பாட்டுக் கச்சேரி கேட்க ஜொகூர் பாருவுக்குப் போய்வந்தோம் என்றால் குளுவாங்கில் இன்றைக்கும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். நம்புகிறவர்கள் எங்களைப் பற்றி வேறு மாதிரிப் பேசுகிறார்கள்.

காரணம் அஞ்சலையின் காது. அதற்கு முந்தைய வருஷம் அவளுக்கு இரண்டு தடவை குளிர்காய்ச்சல் வந்தது. இரண்டு தடவையும் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரி டிரசர் கொயினா மாத்திரை கொடுத்தார். முதல் தடவை காதுக்குள் சில்வண்டு கத்தியது. காய்ச்சல் போனதும் வண்டும் போயிற்று. இரண்டாம் தடவை வண்டு போகும்போது இடது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம். இந்த வருஷம் மூன்றாம் தடவையாகக் காய்ச்சல் தலைகாட்டிவிட்டு மறைந்தது. டிரசர் ஒரு மாதத்துக்கான மாத்திரைகளைச் சீசாவில் போட்டுக் கொடுத்தார்.

"திரும்ப வரும். வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிடு," என்றார். "காது போனாலும் போகும். போடலேன்னா ஆளே போயிடுவே."

அஞ்சலை சீசாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு வாரம் கழிச்சு ஆரம்பிக்கலாங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு வாரத்துல என்ன?"

"ஒரு கச்சேரி இருக்கு."

டிரசர் என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் தெரியும்.

கடைத்தெருவில் நானாவின் ஜவுளிக்கடை இருக்கிறது. நாகூர்ப் பக்கத்துக்காரர். கூட்டம் சேர்ப்பதற்காக வாசலில் கிராமபோன் பெட்டி வைத்திருப்பார். காலையில் பால் ஊற்றி முடித்ததும் அஞ்சலை காலிச் செம்புகளோடு அந்தக் கடையின் அஞ்சடி நடைபாதையில் நின்று ஒரு பாட்டு கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். அவளுக்குப் பிடித்த குரல் ஒன்று உண்டு. நானா அதை அவளுக்காகவே வைப்பார். காது மங்கிய பிறகு அவள் நடைபாதையிலிருந்து படிக்கு வந்தாள். படியிலிருந்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்தாள். கடைசியில் புனலுக்குள் தலையை விடாத குறையாக நின்றாள். அந்தக் குரலுக்குச் சொந்தக்கார அம்மாள் ஊரிலிருந்து கப்பலேறி வருகிறார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜொகூர் பாருவில் பாடுகிறார் என்று நானாதான் அவளுக்கு நோட்டீசை வாசித்துக் காட்டியிருக்கிறார். ஜொகூரில் வெள்ளிக்கிழமைதான் ஆபீசுகளுக்கு லீவு. அதனால் அந்த நாள்.

அம்மாளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நடந்ததை அவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ தெரியாது.

மாடுகளை யாரிடம் விடுவது என்பதுதான் பாக்கி. எங்கள் ஊரில் எங்களைத் தவிர கறக்கத் தெரிந்தவர் சிங் ஒருவர்தான். அவர் ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே பால் ஊற்றுகிறவர், நான் கிழக்கே. எட்டு வருஷமாக அவர் பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று நானும், நான் கலக்கிறேன் என்று அவரும் சொல்லி வருகிறோம். அவரிடமே போய் நின்றேன். இருவரும் மலாயில் பேசிக்கொண்டோம்.

"எதற்குப் போகிறாய்?"

"பாட்டு கேட்க."

"பாட்டு கேட்கவா ரயிலேறுவார்கள்?"

"என் சம்சாரத்துக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது."

சிங் தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் தன் மாடுகளைப் பார்த்தார். பிறகு, "உன் மாடுகளில் எது உதைக்கும்?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலைக் கறவையை முடித்து, சிங்குக்குத் தீவனமூட்டையைக் காட்டிவிட்டு, பகல் வண்டியில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு மரப்பலகை. நான் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, அவளை எனக்கு இடது பக்கம் உட்கார வைத்தேன். அப்போதுதான் அவளுடைய வலது காது என் பக்கம் இருக்கும். எதிரே ஒரு சீனத்துப் பெண்மணி கூடையில் வாத்து வைத்திருந்தாள். வாத்து எங்களை விட அமைதியாகப் பயணம் செய்தது.

ரெங்கம் ஸ்டேஷனில் இலையில் கட்டிய தேங்காய்ப்பால் சோறு வாங்கினோம். உள்ளே மிளகாய்ச் சம்பலும் நெத்திலியும் முட்டையில் ஒரு கீற்றும் இருந்தன. ஒரு முட்டையை எத்தனை பேருக்குப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று அஞ்சலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நம்ம வீட்டுல நான் இப்படி ஒரு முட்டைய அறுத்ததில்லே," என்றாள். சோறு நன்றாக இருந்தது.

ரெங்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஸ்டேஷன் எதுவும் இல்லை. கார்டு பெட்டி பெட்டியாக நடந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"தண்டவாளத்திலை ஒரு எருமை படுத்திருக்குது. எழும்புதில்லை. ஆராவது மாடு தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ?"

நான் வாயில் சோற்றோடு யோசித்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை கார்டின் உதட்டைப் பார்த்திருக்க வேண்டும். எழுந்து இறங்கிப் போய்விட்டாள்.

எஞ்சின் டிரைவரும் இன்னும் நான்கு பேரும் எருமையைச் சுற்றி நின்று அதனிடம் நான்கு மொழிகளில் பேசிக்கொண்டிருந்தார்கள். அது தண்டவாளங்களுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் வசதியாகப் படுத்திருந்தது. அஞ்சலை அதன் தாடைக்கடியில் சொறிந்து கொடுத்தாள். பின்பக்கமாகப் போய் வாலின் அடியைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள். எருமை எழுந்து நின்றது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துச் சரிவில் இறக்கி மரங்களுக்குள் விட்டாள். பெட்டிகளிலிருந்து சிலர் கை தட்டினார்கள். டிரைவரும் மற்றவர்களும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். நானும் பெட்டிப் படியில் நின்றுகொண்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

அவள் சரிவில் ஏறித் தண்டவாளத்துக்கு வரும்போது எஞ்சின் ஊதியது. எல்லோரும் ஏறியாகிவிட்டது என்று டிரைவர் நினைத்திருப்பார். அஞ்சலைக்கு ஊதல் கேட்டது. ஆனால் அவள் எஞ்சினைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம், தெற்கே, வெறும் தண்டவாளத்தைப் பார்த்தாள். அங்கிருந்து வேறொரு வண்டி வருகிறது என்று பயந்து, அதை விட்டு விலகுவதாக நினைத்துக்கொண்டு, தண்டவாளத்தின் நடுவிலேயே எங்கள் எஞ்சின் இருக்கும் பக்கமே முதுகைக் காட்டிப் பின்னோக்கி நடந்தாள். வண்டி அசைந்தது. நான் கத்தினேன். கத்திப் பிரயோஜனமில்லை என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான்தான், ஆனாலும் கத்தினேன். கார்டு சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டே குதித்தார். வண்டி நின்றபோது அவள் முதுகுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு மாடு குறுக்கே நிற்கிற இடம் இருந்தது.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்து, எஞ்சினைக் கண்டு, உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தம் எந்தப் பக்கத்திலருந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

"பின்னாலருந்து."

"எனக்கு இப்பல்லாம் எல்லாப் பக்கமும் ஒண்ணாத்தான் கேக்குது."

இதை அவள் அதுவரை என்னிடம் சொல்லவில்லை. பெட்டிக்குத் திரும்பி வந்ததும் சீனத்துப் பெண்மணி அவளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள். அஞ்சலை தோலை உரித்து எனக்குப் பாதி தந்தாள்.

ஜொகூர் பாருவில் நானாவின் மச்சான் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கடையிலிருந்த எல்லோரும் மச்சான் என்றே கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நானாவின் கடிதத்தைப் படித்துவிட்டு மாடியில் வெங்காயமூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் எங்களுக்குப் பாய் விரித்தார். ரொட்டியும் சால்னாவும் கொடுத்தார். சால்னா நான் அந்த வருஷம் சாப்பிட்டவற்றில் முதல் இடம். அறையைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, கண்ணில் தண்ணீர் வரும் என்பதைத் தவிர.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்தோம். கறப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் வந்ததும் கீழே போய்த் தேத்தண்ணி கேட்டோம். ஒரு வாய் குடித்ததும் அஞ்சலை கோப்பையை வைத்தாள்.

"இது எந்த மாட்டுப் பாலு?"

"டின்னு மாட்டுப் பாலும்மா," என்றார் மச்சான். "கண்ணு போடாது, உதைக்காது."

பிறகு கடல் பார்க்கப் போனோம். நான் ஊரிலிருந்து கப்பலில் வந்தவன். அஞ்சலை இங்கேயே தோட்டத்தில் பிறந்தவள், கடல் பார்த்ததில்லை. கரையில் நின்று எதிர்ப்பக்கத்தைக் கையால் காட்டி, "அந்தக் கரை தெரியுதே," என்றாள்.

"அது சிங்கப்பூர்."

"கரை தெரிஞ்சா அது ஆறுங்க."

இரண்டு கரைக்கும் நடுவே போட்டிருந்த பாலத்தின் மேல் ரயில் போனது, கார்கள் போயின, ஒரு மாட்டுவண்டியும் போனது. அந்த மாட்டுக்கு இடது கால் நொண்டி என்பதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தோம். அதற்குப் பிறகு கடலைப் பற்றிப் பேசவில்லை.

சாயங்காலம் குளித்து, அஞ்சலை கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, கச்சேரி நடக்கிற கொட்டகைக்குப் போனோம். கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. கதவு பூட்டியிருந்தது. கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. வாசலில் தோட்டங்களிலிருந்து லாரியில் வந்தவர்கள் நின்று காகிதத்தை ஒருவருக்கொருவர் வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் வாசித்தால் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. கச்சேரி மறுநாள் சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு.

ஏற்பாடு செய்தவர்களின் செயலாளர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கிராணி. ஆபீசில் கணக்கெழுதுகிற களையோடே இருந்தார். அவர் விளக்கினார்.

"அம்மா மேல் வகுப்பு டிக்கெட்டுல வந்தாங்க, இறங்கிட்டாங்க. மிருதங்கக்காரரும் பிடில்காரரும் மலிவு டிக்கெட்டுல டெக்குல வந்தாங்க. டெக்குல வந்தவங்களத் தீவுல இறக்கி, நோய் இருக்கான்னு பாத்துட்டுத்தான் விடுவாங்க. நாளைக்குக் காலையில விட்டுடுவாங்க."

"அம்மா மட்டும் பாடக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டார்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எங்களுக்குச் சனிக்கிழமை காலை வண்டி. சிங் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் ஒப்புக்கொண்டிருந்தார். நான் அஞ்சலையிடம் எல்லாவற்றையும் காதருகே சொன்னேன். மாடுகளைச் சொன்னேன், மாத்திரையைச் சொன்னேன். அவள் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "தந்தி அடிங்க," என்றாள்.

ரயில்வே ஸ்டேஷனில் தந்தி அடித்தேன். சிங்குக்கு விலாசம் கிடையாது, அதனால் நானாவுக்கு. இங்கிலீஷில்தான் அடிக்க முடியும். நாங்கள் ஞாயிறு திரும்புகிறோம், சிங்கிடம் சொல்லவும் என்பதை அங்கிருந்த ஒருவர் எழுதிக் கொடுத்தார். அதன் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. தந்தி வந்தது என்றால் சாவு என்பது மட்டும் தெரியும். யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல் கடையைச் சாத்திவிட்டு அழுதுகொண்டே சிங்கிடம் போயிருக்கிறார். காது போகிற பெண்ணையும் அவள் புருஷனையும் ரயில் அடித்துவிட்டது என்று இரண்டு பேருமாக முடிவு செய்து, என் வாடிக்கை வீடுகளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு காலையில் போஸ்ட் மாஸ்டர் வாசித்துச் சொல்லும் வரை நாங்கள் செத்துத்தான் இருந்தோம். சிங் அந்த நாட்களில் பாலுக்குக் காசு வாங்கவில்லை. பால் கெட்டியாக இருந்ததாக இரண்டு வீட்டில் பிறகு என்னிடமே சொன்னார்கள்.

இதெல்லாம் தெரியாமல் நாங்கள் சனிக்கிழமை காலை வெங்காயங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். அஞ்சலை ரொட்டியைத் தொடவில்லை. கை கால் வலிக்கிறது என்றாள். நெற்றியில் கை வைத்தேன். சூடு இருந்தது.

"மாத்திரையப் போடு," என்றேன்.

"மூணு மணி ஆவட்டும்."

"காய்ச்சல் வந்துட்டா கச்சேரிக்கே போவ முடியாது."

"மாத்திரையப் போட்டா ஒரு மணி நேரத்துல வண்டு கத்த ஆரம்பிச்சிடும். வண்டுக் கச்சேரி கேக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?"

நான் சீசாவை எடுத்து மூடியைத் திறந்தேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் நான் மாடுகளுக்கு மருந்து ஊட்டியிருக்கிறேன், கொம்பைப் பிடித்து, தலையைத் தூக்கி. இது அந்த மாதிரி விஷயம் இல்லை என்று தெரிந்தது. சீசாவை மூடி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். மச்சான் ஒரு கிளாஸ் இஞ்சித் தண்ணி போட்டு மாடிக்கு அனுப்பினார். அதைக் குடித்திருக்கிறாள்.

இரண்டு மணிக்கே கொட்டகைக்குப் போய்விட்டோம். மைக் எதுவும் கிடையாது. தரையில் பாய்கள். நடுவில் கயிறு கட்டி, மேடையைப் பார்த்து இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் உட்கார்ந்தால் மேடை அவளுடைய இடது காதுக்கு நேராக வரும். செயலாளரிடம் போனேன்.

"சார், பொம்பளைங்களை இந்தப் பக்கம் மாத்தி உக்கார வைக்க முடியுமா?"

"ஏன்?"

"என் சம்சாரத்துக்கு வலது காதுதான் கேக்கும்."

அவர் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த கொட்டகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாக்கறேன்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஆபீசுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அஞ்சலையே ஒரு வழி கண்டுபிடித்தாள். பெண்கள் பக்கம் கயிற்றை ஒட்டி முன் வரிசையில் உட்கார்ந்து, உடம்பை முழுவதும் இடது பக்கம் திருப்பிக்கொண்டாள். வலது காது மேடைக்கு நேராக வந்தது. முகம் ஆண்கள் பக்கம் வந்தது. முந்நூறு பேர் மேடையைப் பார்க்க, அவள் ஒருத்தி மட்டும் ஆண்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பக்கத்தில் பத்து பாகாட் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு சங்கீதப் பிரியர் இருந்தார். ராகமெல்லாம் தெரிந்தவர். அவர் என் பக்கம் குனிந்தார்.

"அந்தம்மா ஏன் நம்மளயே பாக்கறாங்க?"

"என் சம்சாரங்க."

"ஓ," என்று சொல்லி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அம்மாள் மேடைக்கு வந்தார். நல்ல பருமன், மூக்கின் இரண்டு பக்கமும் வைரம், வெற்றிலை போட்ட வாய். கிராமபோனில் கேட்ட குரல் இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து வருகிறது என்று நான் எதிர்பார்க்கவில்லை. தீவிலிருந்து வந்த மிருதங்கக்காரரும் பிடில்காரரும் அவரை நேராகப் பார்க்காமல் சுருதி சேர்த்துக்கொண்டார்கள். முதல் பாட்டு பிள்ளையார் மேல். நான் அஞ்சலையைப் பார்த்தேன். இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள். எட்டவில்லை. இரண்டாவது பாட்டிலும் பார்த்தேன். கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவள் மாதிரி இருந்தாள். புருவத்தில் வியர்த்திருந்தது. காய்ச்சல் வியர்வையா புழுக்கமா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை.

மூன்றாவது பாட்டு தொடங்கும்போது மழை வந்தது. ஜொகூர் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. லாரி லாரியாக ஜல்லியைத் தகரத்தின் மேல் கொட்டியது போல விழுந்தது. அம்மாளின் வாய் அசைந்தது. மிருதங்கத்தின் மேல் விரல்கள் ஆடின. பிடில்காரர் வில்லை இழுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பத்து பாகாட்காரர் என்னிடம் ஏதோ சொன்னார், அதுவும் கேட்கவில்லை. நான் 'என்ன?' என்று கேட்டதும் எனக்கே கேட்கவில்லை. முந்நூறு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு, காதில் கை குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அஞ்சலை கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்கள் எல்லோரையும் மெதுவாக, வரிசை வரிசையாகப் பார்த்தாள்.

செயலாளர் மேடையேறிக் கைகளால் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் மேடைக்கு மேலே கூரை ஒழுகத் தொடங்கி, மிருதங்கத்தின் மேலேயே சொட்டியது. மிருதங்கக்காரர் அதைக் குழந்தையைப் போல மடியில் சுருட்டிக்கொண்டு ஓடினார். பிடில்காரரும் பின்னால் போனார். கச்சேரி முடிந்தது என்று நினைத்து நான் எழுந்தேன்.

அம்மாள் எழவில்லை. மேலே பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தம்புராவை எடுத்து அதை மீட்டுகிற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கினார். பெண்கள் பக்கம் ஒழுகாத இடமாகப் பார்த்து நடந்தார். ஒழுகாத இடம் கயிற்றை ஒட்டி முன் வரிசை. பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அஞ்சலை மட்டும் நகரவில்லை, அவளுக்குத்தான் மேடைப்பக்கம் நடப்பது தெரியாதே. அம்மாள் அவளுடைய வலது தோளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தம்புராக்காரி சுருதி மீட்ட, பாடத் தொடங்கினார்.

அஞ்சலையின் முகம் எனக்கு நேராக இருந்தது. முதலில் திடுக்கிட்டாள். தலை திரும்பப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். திரும்பினால் காது விலகிவிடும். அதனால் யார் பாடுகிறார்கள் என்று பார்க்காமலே, என்னையே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாள் அரை மணி நேரத்துக்கு மேல் பாடினார். எனக்கு மழை மட்டும் கேட்டது. அம்மாளின் கழுத்து நரம்பு புடைப்பதும், கை மேலே போய் இறங்குவதும், அஞ்சலையின் கன்னத்தில் தண்ணீர் இறங்குவதும் தெரிந்தன. நான் அவளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. பத்து பாகாட்காரர் கேட்காத பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தாளம் சரியா என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

மழை விட்டதும் அம்மாளும் விட்டார். சிங்கப்பூருக்குக் கார் காத்திருந்தது. எழும்போது அஞ்சலையின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என்னடி, உடம்பு கொதிக்குது?" என்று கேட்டார். மழை இல்லாததால் இது எனக்குக் கேட்டது. கச்சேரியில் எனக்குத் தெளிவாகக் கேட்டது முதல் இரண்டு பாட்டும் இந்த ஒரு வார்த்தையும்தான்.

"ஒண்ணுமில்லீங்க. மாத்திரை இருக்கு," என்றாள் அஞ்சலை.

வாசலுக்கு வந்ததும் சீசாவைத் திறந்து, மச்சான் கடை வரைக்கும் கூடக் காத்திராமல், கோயில் குழாயில் தண்ணீர் பிடித்து முதல் மாத்திரையை முழுங்கினாள். அந்த ஒரு மாத மாத்திரையில் காய்ச்சல் போயிற்று, பிறகு வரவில்லை. வலது காது அதோடு போகவில்லை. அவசரமில்லாமல் மூன்று வருஷம் எடுத்துக்கொண்டு போயிற்று.

ஞாயிறு காலை வண்டியில் அவளை மறுபடியும் எனக்கு இடது பக்கம் உட்கார வைத்தேன். எதிரே ஒரு ஜாவாக்காரக் குடும்பம். பக்கத்துப் பலகையில் இரண்டு சீன வியாபாரிகள் அன்னாசிப்பழ விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சூடு கொஞ்சம் இறங்கியிருந்தது. வண்டு கத்துகிறதா என்று கேட்டேன்.

"காலையிலருந்து," என்றாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தம்மா உன் பக்கத்துல உக்காந்து என்ன பாடினாங்க?" என்று கேட்டேன்.

"நீங்களும்தானே இருந்தீங்க?"

"எனக்கு மழைதான் கேட்டுச்சு."

"அதுல ஒரு பாட்டுகூடவா?"

"ஒண்ணுகூட."

இவ்வளவு தூரம் வந்து, நான்கு நாள் மாடுகளை விட்டு, அம்மாள் அவள் பக்கத்தில் பாடியதில் நான் ஒன்றும் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடத் தொடங்கினாள்.

அப்படித்தான் அவள் நினைத்தாள். ஒரு காதில் ஒன்றுமில்லை, இன்னொரு காதில் வண்டு, கீழே சக்கரச் சத்தம். தன் குரல் எவ்வளவு வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் அடியிலேயே அன்னாசி விலை நின்றது. ஜாவாக்காரக் குழந்தைகள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். அடுத்த பெட்டியிலிருந்து ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். டிக்கெட் பரிசோதகர், ஒரு வயதான மலாய்க்காரர், உள்ளே வந்தவர் "அலமாக்!" என்று மலாயில் வியந்துவிட்டு நின்றார். நான் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பாட்டு முடியட்டும் என்று கையைக் காட்டிவிட்டு எதிர்ப்பலகையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முருகன் மேல் ஒரு பாட்டு. நடுநடுவே வார்த்தை மறந்த இடத்தில் வேறு ஏதோ போட்டு நிரப்பினாள். எந்த இடம் அம்மாளுடையது, எந்த இடம் அவளுடையது என்று சொல்ல நான் ஆளில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள், அதனால் பெட்டியை அவள் பார்க்கவில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்ததும் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பரிசோதகர்கூட வெளியே ரப்பர் மரங்களை எண்ணுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிச் செய்யும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அஞ்சலைக்கு இருந்தாலும் சந்தேகம்.

"ரொம்ப சத்தமாப் பாடிட்டனா?" என்று கேட்டாள்.

நான் அவள் வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "பக்கத்துல இருக்கற எனக்கே சரியாக் கேக்கல," என்றேன். "இன்னொரு தரம் பாடு."